கோயிலில் பிறர் குறையும் நம் மகிழ்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்க் கோயில் ஒன்றின் அன்னதானக் கூடத்தில் நெடுங்காலமாகத் தொண்டூழியம் செய்கிறேன். திருவிழாவுக்கு முதல் நாள் இரவு காய் நறுக்கும்போதும், பந்தி முடிந்து கூடத்தைக் கழுவும்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆள் மாறும், பேச்சு மாறாது. சாமிமேல் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாமி கும்பிட வருகிறவர்கள்மேலும் கோயிலை நடத்துகிறவர்கள்மேலும்தான் குறை. அந்தக் குறை வளர்ந்து வளர்ந்து, கடைசியில் கோயிலுக்கு வருவதே கசந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள். அதனால் நாயன்மார் கதைகள் இடையிடையே வரும்.

கோயிலுக்கு நிம்மதி தேடி வருகிறேன். திரும்பும்போது எரிச்சலோடு போகிறேன். கோளாறு என்னிடம்தானா?

இல்லை. அந்த இடத்தை நீங்கள் உயர்வாக மதிப்பதால்தான் எரிச்சல் வருகிறது. எம்ஆர்டி ரயிலில் ஒருவர் இடித்துவிட்டுப் போனால் இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் மறந்துவிடுகிறோம். அதே இடி சந்நிதி வரிசையில் கிடைத்தால் வீடுவரை கூடவே வருகிறது. இங்கேயாவது மனிதர்கள் நல்லபடி நடந்துகொள்வார்கள் என்று நம்பி வந்தோமே என்ற வலி அது.

ஆனால் கோயிலுக்குள் நுழைகிறவர் வெளியே இருந்த அதே ஆள்தான். வீட்டுக் கடன், மூட்டுவலி, மேலதிகாரியின் ஏச்சு, பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டு வருகிறார். நீங்களும் நானும் அப்படித்தான் வருகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினாலே பாதி எரிச்சல் குறையும்.

"மனிதர்களைப் பார்க்காதே, சாமியை மட்டும் பார்" என்கிறார்கள். அது எப்படி முடியும்?

முடியாது. நானும் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. கண் இருக்கும்வரை குறை தெரியத்தான் செய்யும். பார்த்த குறையை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? அதைச் சந்நிதிக்கு உள்ளேயே எடுத்துப் போகிறோம். கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பியபடியே, குற்றம் செய்தவரோடு மனத்துக்குள் வாதாடுகிறோம். பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்கிறோம். சரிசெய்யக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வதில்லை.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சரிசெய்யக்கூடிய குறையா? அதற்குப் பொறுப்பானவரிடம், அன்றைக்கே, ஒரே ஒரு முறை, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அது அவர் பொறுப்பு. சரிசெய்ய முடியாததை வாசலிலேயே விடுங்கள். கூடவே, கோயிலில் உங்களுக்கென்று ஒரு சின்ன வேலையை வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக இருக்கலாம், ஒரு பதிகத்தை முணுமுணுத்தபடி மூன்று சுற்று வருவதாக இருக்கலாம். கைக்கோ வாய்க்கோ வேலை இருக்கும்போது கண் அலைவது குறைகிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதாம்.

தீபாராதனை காட்டும் நேரத்தில் முன்னால் நிற்பவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். அம்மன் முகமே தெரியவில்லை. என்ன செய்வது?

"கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள் தம்பி, அம்மனைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மெல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் உடனே இறக்கிவிடுவார்கள். கை தூக்கியிருப்பதே பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ இருக்கும் தாயாருக்குக் காணொளி அழைப்பில் தீபாராதனையைக் காட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னத் திரையில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வது தெரியும்.

சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கற்பூரத் தட்டு உங்களிடமும் வரத்தான் போகிறது. உள்ளங்கையை அதன்மேல் காட்டி, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்களே, அப்போது உங்களுக்கும் அம்மனுக்கும் நடுவில் யார் கைப்பேசியும் இல்லை.

அர்ச்சகர் என் மகளின் நட்சத்திரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார். அவசரத்தில் பாதி மந்திரம்தான் சொல்கிறார் என்றும் தோன்றுகிறது. அர்ச்சனை சேருமா?

சேரும். பூராடத்தைப் பூரட்டாதி என்று சொல்லிவிட்டால், அந்த இடத்திலேயே "பூராடம், ஐயா" என்று சொல்லுங்கள். திருத்திச் சொல்வார். அதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை டிக்கெட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக முழுக் குடும்பங்களின் பெயர்களைப் படிக்கிற மனிதர் அவர். விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிற அர்ச்சகர்களும் உண்டு.

அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் வாயால் மகளின் பெயரை ஒரு தடவை சொல்லிக் கும்பிடுங்கள். அவர் வேகமாகச் சொன்னாலும் நீங்கள் நிதானமாகச் சொல்லலாமே.

பெரிய தொகை கொடுத்தவர்களை முன்னால் உட்காரவைக்கிறார்கள். ஐந்து வெள்ளி (டாலர்) கொடுக்கவே யோசிக்கிற எனக்கு இது உறுத்துகிறது.

உறுத்துவது நியாயம். உபயதாரர் என்பவர் அன்றைய பூசைச் செலவை ஏற்பவர். சங்கல்பத்துக்காகவும் மாலை மரியாதைக்காகவும் அவரை முன்னால் அழைப்பது பழைய வழக்கம். அவர் கொடுத்ததில்தான் அன்றைய அபிஷேகப் பாலும், பல இடங்களில் அன்னதானமும் வருகின்றன. அந்தச் சாப்பாட்டை ஐந்து வெள்ளிக்காரரும் ஒன்றும் கொடுக்காதவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இதை நினைத்தால் உறுத்தல் கொஞ்சம் தணியும்.

ஆனால் நிற்க முடியாத மூத்தோரை ஓரம் தள்ளிவிட்டு, பிந்தி வந்த செல்வாக்குள்ளவருக்கு இடம் கொடுத்தால் அது வழக்கத்தில் சேராது, தவறு. அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். உங்களுக்காகக் கேட்பதைவிட அந்த மூத்தவருக்காகக் கேட்பது எளிது.

ஞாயிற்றுக்கிழமை வேலைத்தளத்திலிருந்து நேராக வந்தேன், அக்கா. என் உடையைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்துத் தள்ளி நின்றார். அதற்குப் பிறகு வரவே கூச்சமாக இருக்கிறது.

தம்பி, சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1819ல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் அது. 1827ல் மரத்தாலும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையாலும் எழுந்தது. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கள் வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை தங்குவதற்கு அந்தக் கோயில்தான் அடைக்கலம் கொடுத்தது. உடம்பு வியர்க்க உழைக்க வந்தவர்கள் கட்டி எழுப்பிய வழிபாடு இது. கொத்தனார்களும் சுமை தூக்கியவர்களும் கும்பிட்ட கோயிலில் உங்கள் உடைக்கு இடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நந்தனார் திருப்புன்கூருக்குப் போனபோது உள்ளே போக முடியாமல் வெளியே நின்றார். நந்தி மறைத்தது. சிவபெருமான் அந்த நந்தியை விலகச் சொன்னார். அந்த ஊரில் இன்றும் நந்தி விலகித்தான் இருக்கிறது. முகம் சுளித்தவர் தள்ளி நின்றார் என்றீர்களே, அந்த இடைவெளியில் உங்களுக்குச் சந்நிதி நன்றாகத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறும் வாருங்கள். முடிந்தால் கை கால் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள், அது யாருக்கும் பொதுவான ஒழுங்கு. அதற்குமேல் யாருக்காகவும் கூச வேண்டாம். வாய்விட்டு யாராவது அவமதித்தால் எங்களைப் போன்ற தொண்டூழியரிடம் சொல்லுங்கள். நாங்கள் பேசுகிறோம்.

அன்னதான வரிசையில் ஒரு தொண்டூழியர் எல்லார் முன்னாலும் என்னைக் கத்தினார். சாப்பிடாமலே போய்விட்டேன்.

கத்தியது தவறு. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சோறு போடுகிற கையோடு கடுஞ்சொல் வரக்கூடாது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்வதே இதைத்தான். அந்தக் கூடத்தின் பொறுப்பாளரிடம் நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிரசாதத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது அந்த ஆள் கொடுப்பது இல்லை.

பூசை முடிந்ததும் நாலு பேர் கூடி வம்பு பேசுகிறார்கள். பிடிக்கவில்லை, ஆனால் நானும் நின்று கேட்டுவிடுகிறேன்.

யாருக்குத்தான் கேட்கப் பிடிக்காது! யார் மகன் யாரோடு சுற்றுகிறான், எந்தக் குடும்பம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றது என்பதெல்லாம் காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். எழுந்துபோக ஒரு காரணம் கையில் வைத்திருங்கள். "நவக்கிரகம் சுற்றவில்லை, போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போய்ச் சுற்றுங்கள். யாரையும் கண்டித்ததாகவும் ஆகாது.

இன்னொன்று. கோயில் குறைகளைப் பற்றிய பேச்சும் வம்புதான், சரிசெய்யும் எண்ணம் இல்லாதபோது. நிர்வாகத்தைக் குறை சொல்லும் வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள் முகமலர்ச்சியோடு வீட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

தைப்பூசத்தில் சிலர் படம் எடுப்பதற்காகவே காவடி எடுப்பதுபோல் தெரிகிறது. பார்த்தால் பக்தியே வரவில்லை.

அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இதை நான் கோபமாகக் கேட்கவில்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலோடு நடக்கிறார்கள். 1968லிருந்து தைப்பூசம் இங்கே பொது விடுமுறையும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, பல நாள் விரதம் இருந்து, ஒருவர் தோளில் சுமை ஏற்றுகிறார். பெரிய காவடியும் மயிலிறகும் நண்பர் கூட்டத்தின் ஆரவாரமும் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மருத்துவமனையில் கிடந்த மனைவிக்காக நேர்ந்துகொண்டது தெரிவதில்லை.

சிலர் ஆரவாரத்துக்காகவே எடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது அவருக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு. ஊர்வலத்தில் ஒழுங்கு மீறினால் அதைக் கவனிக்க ஆள்கள் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் பால்குடத்தைப் பாருங்கள். 2021லும் 2022லும் நோய்த்தொற்றுக் காரணமாகக் காவடியும் பாத ஊர்வலமும் இல்லாமல் தைப்பூசம் நடந்தது. 2023ல் காவடிகள் மீண்டும் வந்தபோது தெருவில் நின்று அழுதவர்களில், அதற்கு முன்பு "எல்லாம் பகட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள்.

முறையே தெரியாமல் கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் சொல்லித்தரத் துடிக்கிறது. சொல்லலாமா?

கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சாமியும் பொறுத்துக்கொள்கிறார், நாமும் பொறுத்துக்கொள்ளலாம். வாட்டர்லூ ஸ்திரீட் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் இங்கேயும் நின்று ஊதுபத்தி ஏந்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கிருஷ்ணர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

பதினைந்து வயது மகன், "அங்கே எல்லாரும் வெளியில் பக்தி, உள்ளே சண்டை. நான் வரமாட்டேன்" என்கிறான். என்ன சொல்வது?

முதலில், அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். "அப்படியெல்லாம் பேசக்கூடாது, சாமி குத்தம்" என்றால் பேச்சும் நின்றுவிடும், வருவதும் நின்றுவிடும். பிள்ளைகள் எதையும் கூர்ந்து பார்க்கிறார்கள். காரில் வீடு திரும்பும்போது நாம் யார் யாரைக் குறை சொன்னோம் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மாதம் அந்தப் பேச்சை நிறுத்திப் பாருங்கள்.

பிறகு அவனை வரிசையில் நிற்கக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குவளைகளை அடுக்கவோ, மூத்தோரின் கையைப் பிடித்துப் படியேற்றவோ விடுங்கள். எங்கள் கூடத்தில் சாம்பார் வாளி தூக்கும் பையன்களில் ஒருவன், கோயில் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு வந்தவன்தான். சந்நிதிக்குள் இப்போதும் அதிகம் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. எனக்கு அதுவே நிறைவு.

நான் போடும் உண்டியல் பணம் சரியாகப் போகிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடு எப்படிக் கும்பிடுவது?

சந்தேகத்தைக் கும்பிட்டுத் தீர்க்க முடியாது, கணக்கைப் பார்த்துத் தீர்க்கலாம். சிங்கப்பூரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு கோயில்களை இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகிக்கிறது. அது 1968ஆம் ஆண்டு அரசாங்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம். மற்றக் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிர்வாகக் குழு உண்டு. அறநிறுவனமாகப் பதிவான கோயில் ஆண்டறிக்கையும் நிதிநிலைக் கணக்கும் அறநிறுவன ஆணையரிடம் சமர்ப்பிக்க வேண்டும். அறநிறுவனங்களுக்கான அரசு இணையத்தளத்தில் அவற்றை யாரும் தேடிப் பார்க்கலாம்.

பார்த்துவிட்டுப் புரியாததை நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். உறுப்பினராகச் சேர்ந்தால் ஆண்டுக் கூட்டத்திலும் கேட்கலாம். பதிலே வரவில்லை, முறைகேடு என்று நினைக்க ஆதாரமும் இருக்கிறது என்றால் ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆதாரம் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் வேண்டாம். ஒரு நேர்மையான பொருளாளரின் தூக்கத்தை அது கெடுத்துவிடும்.

அநியாயத்தைப் பார்த்துக் கோபப்படுவதும் பக்திக்குப் பழுதா?

எறிபத்த நாயனார் கதையைக் கேளுங்கள். கருவூரில் சிவகாமியாண்டார் என்ற அடியார் பூசைக்குக் கொண்டுபோன பூக்கூடையை அரசரின் பட்டத்து யானை பறித்துச் சிதறடித்தது. எறிபத்தர் மழுவால் யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். அவரும் நாயன்மார்தாம். ஆகவே கோபமே கூடாது என்று நம் மரபு சொல்லவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஓடிவந்த புகழ்ச்சோழர், "என் யானை செய்த குற்றத்துக்கு என்னையும் வெட்டுங்கள்" என்று தம் வாளையே நீட்டினார். இப்படிப்பட்ட அன்பருக்கா துன்பம் செய்தேன் என்று பதறிய எறிபத்தர், அந்த வாளை வாங்கித் தம் கழுத்தில் வைத்தார். அந்த நேரத்தில் இறைவன் குரல் கேட்டது, யானையும் பாகரும் உயிர்பெற்று எழுந்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அவர் கோபம் பிறருடைய பூக்கூடைக்காக வந்தது. எதிராளியின் உள்ளத்தைக் கண்டதும் நின்றது. நம் கோபம் பெரும்பாலும் நமக்கு இடம் கிடைக்காததற்காக வருகிறது. எதிராளி மன்னிப்புக் கேட்ட பிறகும் தொடர்கிறது.

பெரிய மனிதர் என்று பெயர் எடுத்த ஒருவர் சிறு பிள்ளைகளிடமும் பெண்களிடமும் தகாத முறையில் நடந்துகொள்கிறார். கோயில் பெயர் கெடும் என்று எல்லாரும் மூடி மறைக்கிறார்கள். பொறுத்துப் போகத்தான் வேண்டுமா?

கூடாது. இதுவரை சொன்ன பொறுமை எதுவும் இதற்குப் பொருந்தாது. முதலில் அந்தப் பிள்ளையை அவர் அருகில் விடாதீர்கள். அடுத்து காவல்துறையில் புகார் கொடுங்கள். அவசரம் என்றால் 999. கோயில் நிர்வாகத்திடமும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மூடி மறைத்தால் கோயில் பெயர் காப்பாற்றப்படும் என்பது பொய். பாதிக்கப்பட்டவரை "சாமிக்காகப் பொறுத்துக்கொள்" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லில் சாமி இல்லை.

மனிதர்களே வேண்டாம் என்று வீட்டுப் பூசையறையிலேயே கும்பிட்டால் போதாதா?

உடம்பு முடியாதவர்களுக்கும், கைக்குழந்தைக்காரர்களுக்கும், மேலே சொன்னதுபோல் காயப்பட்டவர்களுக்கும் போதும், தாராளமாகப் போதும். பூசலார் திருநின்றவூரில் உட்கார்ந்துகொண்டு மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய காடவர் கோமானிடம், "நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், உன் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்" என்று இறைவன் கனவில் சொன்னார். மனக்கோயில் குறைந்தது ஒன்றும் இல்லை.

ஆனால் மனிதர்கள் பிடிக்காததால் வீட்டோடு இருக்க நினைக்கிறீர்கள் என்றால், சுந்தரர் கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். திருவாரூரில் அடியார்கள் கூடியிருந்த மண்டபத்தைக் கடந்து அவர் நேரே இறைவனிடம் போனார். மனத்தில் வணங்கிக்கொண்டுதான் போனார். ஆனாலும் அடியார்களை மதிக்காமல் போனார் என்று அங்கிருந்த விறன்மிண்டர் என்ற அடியார் கொதித்தார். சுந்தரரும் நமக்குப் புறம்பு, அவரை ஆட்கொண்ட பெருமானும் நமக்குப் புறம்பு என்றே சொல்லிவிட்டார். பிறகுதான் சுந்தரர் ஒவ்வோர் அடியார் பெயராகச் சொல்லி, அவர்களுக்கு நான் அடியேன் என்று பாடினார். குறையில்லாத ஆள்களைப் பொறுக்கி எடுத்த பட்டியல் இல்லை அது. கோபக்காரர், பிடிவாதக்காரர், விறன்மிண்டர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியல் மிகவும் பிடிக்கும்.

2020 ஏப்ரலில் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது கோயில்களுக்கு நாம் போக முடியவில்லை. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டோம், குறையொன்றும் இல்லை. ஆனாலும் எத்தனை பேர் தொலைபேசியில் சொன்னார்கள், அந்த நெரிசலும் மணிச்சத்தமும் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது என்று. இடித்துக்கொண்டு நின்றவர்களைத்தான் அப்போது தேடினோம்.

வேறு கோயிலுக்கு மாறிக்கொள்ளலாமா? துரோகம் போல் தோன்றுகிறது.

மாறலாம். ஸ்ரீ சிவன் கோயிலே ஆர்ச்சர்ட் ரோடு பக்கத்திலிருந்து எம்ஆர்டி பணிக்காக 1983ல் எழுந்து, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலுக்கு அருகில் தங்கி, 1993ல் கேலாங் ஈஸ்ட்டுக்கு வந்தது. சாமியே இடம் மாறியிருக்கிறார், நாம் மாறினால் என்ன? போக்குவரத்து வசதி, பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு, மனத்துக்கு இதம் என்று எந்தக் காரணமும் போதும்.

குறையில்லாத கோயிலைத் தேடி மாறுவதாக இருந்தால் மட்டும் சற்று யோசியுங்கள். புதுக் கோயிலில் முதல் ஆறு மாதம் யாரையும் தெரியாது, அதனால் குறையும் தெரியாது. ஆள்கள் பழகிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதற்கு, இரண்டாவது கேள்வியில் சொன்ன பழக்கத்தைக் கூட எடுத்துப் போங்கள்.

குறை சொல்கிறவர்கள் போகட்டும், அக்கா. தொண்டு செய்கிற எனக்கே சந்தோஷம் போய்விட்டது. யாரும் ஒரு நன்றி சொல்வதில்லை. வேலை செய்யாதவர்கள் மேடையில் பொன்னாடை வாங்குகிறார்கள்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும், ஏனென்றால் கேட்கிறவர் எப்போதும் நல்ல தொண்டராகவே இருப்பார். உங்களுக்கு முதல் மருந்து ஓய்வு. இரண்டு வாரம் கூடத்தின் பக்கம் வராதீர்கள். பக்தராக மட்டும் வாருங்கள். வரிசையில் நில்லுங்கள், பூசையை முதலிலிருந்து முடிவுவரை பாருங்கள். அடுப்படியிலேயே நின்று நின்று, அபிஷேகம் பார்த்தே மாதக் கணக்கு ஆகியிருக்கும். தொண்டர்கள் பலருக்கு வறட்சி இங்கேதான் தொடங்குகிறது.

திரும்பி வரும்போது வேலையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அப்பர் சுவாமிகள் கையில் எப்போதும் உழவாரம் இருந்தது. போன கோயிலிலெல்லாம் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். பொன்னும் மணியும் கிடைத்தபோதுகூட அவற்றைக் கற்களோடு சேர்த்து வாரி எறிந்தார் என்று திருப்புகலூர் நிகழ்ச்சியில் சொல்வார்கள். ஒரே கருவி, ஒரே வேலை. நீங்களும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு "முடியாது" என்று சொல்லுங்கள். பொறுப்பில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தால், உங்கள் அடுப்படிக்குப் போய் அங்கிருக்கும் பெண்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நன்றி சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம்.

என் அண்ணி சொத்து விஷயத்தில் எங்களை ஏமாற்றிவிட்டார். அவரும் இதே கோயிலுக்குத்தான் வருகிறார், பட்டுப்புடவையும் திருநீறுமாக. அவரைப் பார்த்த நிமிடம் எனக்கு எல்லாம் அணைந்துவிடுகிறது. மன்னிக்கவும் முடியவில்லை. இந்த மனத்தோடு நான் சந்நிதியில் நிற்கலாமா?

நில்லுங்கள். மன்னித்த பிறகுதான் வரலாம் என்று எந்தச் சாமியும் வாசலில் எழுதி வைக்கவில்லை. மன்னித்துவிட்டதாக நடிக்கவும் வேண்டாம். "அம்மா, இவள் எனக்கு இப்படிச் செய்தாள், எனக்குப் பொறுக்கவில்லை" என்று அம்மனிடம் உள்ளபடி சொல்லுங்கள். குறையைச் சந்நிதிக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று முன்பு சொன்னேன். அது சின்னக் குறைகளுக்கு. இது குறை இல்லை, காயம். காயத்தை அங்கேதான் காட்ட வேண்டும். அண்ணியோடு மனத்துக்குள் வாதாடாமல், அம்மனோடு பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அங்கே அழுகிறவரை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

சொத்துப் பிரச்சினையைச் சட்டப்படி தீர்க்க முடியுமானால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவும் தவறில்லை. கோயிலில் அவரோடு பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் வெள்ளிக்கிழமை மாலை வருகிறார் என்றால் நீங்கள் செவ்வாய்க்கிழமை காலை வாருங்கள். கூட்டமும் இருக்காது, அர்ச்சகரும் நிதானமாகச் செய்வார். திருவிழா நாளில் எதிர்ப்பட நேர்ந்தால் தலையை அசைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் பூசிய திருநீறு உண்மையா என்று ஆராய்ச்சி செய்யாதீர்கள், தைப்பூசக் கேள்விக்குச் சொன்ன அதே காரணத்துக்காக. மன்னிப்பு ஆண்டுக் கணக்கில் தாமதமாகலாம், வராமலே போகவும் செய்யலாம். அதுவரை உங்கள் செவ்வாய்க்கிழமையை அவருக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.